குரோசாவா பாக்ஸ் செட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானியத் திரைப்பட இயக்குநர் அகிரா குரோசாவா (1910–1998) 1943இல் முதல் படத்தையும் 1993இல் கடைசிப் படத்தையும் இயக்கினார். இடையில் ஐம்பது வருடம், மொத்தம் 30 படங்கள். 'செவன் சாமுராய்', 'ரஷோமோன்' இரண்டையும் பார்த்துவிட்டு, "மற்றதையும் பார்க்கணும், எந்த செட் வாங்கலாம்?" என்று கேட்கும் நண்பர்களுக்குப் பல வருடமாகப் பதில் சொல்லி வருகிறேன். அந்தப் பதில்களைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

ஸ்ட்ரீமிங்கில் கிடைக்கும்போது டிஸ்க் எதற்கு?

முதல் காரணம் மழை. 'செவன் சாமுராய்' கடைசிச் சண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். கொட்டும் மழை, குழம்பிய சேறு, அதற்குள் குதிரைகள். திரையின் ஒவ்வொரு மூலையிலும் ஏதோ ஒன்று அசைந்துகொண்டே இருக்கிறது. இணையத்தில் அனுப்புவதற்காகப் படத்தை அதிகமாகச் சுருக்கினால், இப்படிப்பட்ட காட்சிகள்தான் முதலில் அடிபடும். மழைக்கோடுகள் கலைந்து சாம்பல் நிறக் கட்டங்களாகிவிடும். சேற்றில் விழுந்து கிடப்பது ஆளா மூட்டையா என்றே தெரியாது. நல்ல ப்ளூரேயில் ஒவ்வொரு தாரையும் தனித்தனியாக விழுவதைப் பார்க்கலாம். அந்தச் சண்டையின் பயமே அந்த மழையில்தான் இருக்கிறது.

இன்னொன்று, ஸ்ட்ரீமிங்கில் இன்றைக்கு இருக்கும் படம் உரிமம் முடிந்தால் நாளைக்கு இருக்காது. புகழ்பெற்ற ஐந்தாறு படங்கள் எப்படியாவது சுற்றி வந்துவிடும். குரோசாவா தடுமாறித் தடுமாறிக் கற்றுக்கொண்ட படங்கள் அப்படி வருவதில்லை. பல படங்களின் டிஸ்க்குகளை ஒரே பெட்டியில் போட்டு விற்கும் பாக்ஸ் செட் என்ற பொருளே அவற்றுக்காகத்தான் என்பது என் கட்சி. பெரிய படங்களைத் தனித்தனியாக எப்போது வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம்.

30 படங்களும் ஒரே பெட்டியில் கிடைக்குமா?

ஆங்கில சப்டைட்டிலோடு வந்தவற்றில் பெரியது, அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனம் 2009 டிசம்பரில் வெளியிட்ட 'ஏகே 100'. குரோசாவா பிறந்த நூற்றாண்டை ஒட்டி வந்த டிவிடி தொகுப்பு. அதிலேயே 25 படங்கள்தான். விடுபட்ட ஐந்து: 'த கொயட் டூயல்' (1949), 'டெர்சு உசாலா' (1975), 'ரான்' (1985), 'ட்ரீம்ஸ்' (1990), 'ராப்சடி இன் ஆகஸ்ட்' (1991).

ஏன் இந்த ஐந்து? எல்லாம் உரிமை விவகாரம். குரோசாவா பெரும்பாலும் டோஹோ ஸ்டூடியோவில் வேலை பார்த்தார் என்றாலும் அங்கேயே இருந்துவிடவில்லை. 'ரஷோமோன்', 'த கொயட் டூயல்' இரண்டையும் டையெய் நிறுவனத்துக்கு எடுத்தார். அந்த நிறுவனத்தின் படங்கள் இப்போது கடோகாவா நிறுவனத்திடம் இருக்கின்றன. 'ஸ்கேண்டல்', 'த இடியட்', 'ராப்சடி இன் ஆகஸ்ட்' மூன்றும் 'ஷோச்சிக்கு' என்ற நிறுவனத்தின் படங்கள். 'டெர்சு உசாலா' சோவியத் மாஸ்ஃபிலிம் தயாரிப்பு. 'ரான்' பிரெஞ்சு, ஜப்பானியப் பணத்தில் எடுத்தது, ஸ்டூடியோகனால் நிறுவனத்திடம் இருக்கிறது. 'ட்ரீம்ஸ்' வார்னர் பிரதர்ஸ் வழியாக வந்தது. இத்தனை பேரிடமும் ஒரே நேரத்தில் கையெழுத்து வாங்கினால்தான் 30 படமும் ஒரே பெட்டிக்குள் வரும்.

ஆகவே "குரோசாவா முழுத் தொகுப்பு, 30 படங்கள்" என்று பெயர் தெரியாத வெளியீட்டாளரின் பெட்டி கண்ணில் பட்டால் ஒதுங்கிவிடுங்கள். யாரோ எங்கெங்கிருந்தோ பிரதி எடுத்துச் சேர்த்தது என்று நினைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அப்படியானால் எந்தெந்த செட்களைத் தேடலாம்?

'ஏகே 100' இப்போது அச்சில் இல்லை, பழையதாகத்தான் கிடைக்கும். 25 படங்களோடு 96 பக்கப் புத்தகம் ஒன்றும் உண்டு. அதில் திரைப்பட ஆய்வாளர்கள் ஸ்டீபன் பிரின்ஸின் கட்டுரைகளும் டொனால்ட் ரிச்சியின் நினைவுக்குறிப்பும் இருக்கின்றன. ஆனால் கமெண்டரி (படம் ஓடும்போதே ஒருவர் கூடப் பேசும் விளக்கம்), ஆவணப்படம் எதுவும் டிஸ்க்குகளில் கிடையாது. தனி வெளியீடுகளில் இருந்த கூடுதல் அம்சங்களை எடுத்துவிட்டுப் படங்களை மட்டும் போட்டார்கள். இது தெரியாமல் வாங்கி ஏமாந்தவர்கள் உண்டு.

கிரைட்டீரியனின் 'எக்லிப்ஸ்' வரிசையில் இரண்டு சின்னப் பெட்டிகள் வந்தன. என்னிடம் யார் கேட்டாலும் முதலில் இவற்றைத்தான் சொல்வேன். ஒன்று 2008இல் வந்த 'போஸ்ட்வார் குரோசாவா'. 'நோ ரிக்ரெட்ஸ் ஃபார் அவர் யூத்', 'ஒன் ஒண்டர்ஃபுல் சண்டே', 'ஸ்கேண்டல்', 'த இடியட்', 'ஐ லிவ் இன் ஃபியர்' என்று ஐந்து படங்கள். மற்றது 2010இல் வந்த 'த ஃபர்ஸ்ட் ஃபிலிம்ஸ் ஆஃப் அகிரா குரோசாவா'. போர்க்காலத்தில் எடுத்த முதல் நான்கு படங்கள் இதில் இருக்கின்றன. பெட்டி எளிமையானது, கூடுதல் அம்சங்கள் இல்லை. ஆனால் இந்த ஒன்பது படங்களும் தெரிந்தபின் 'செவன் சாமுராய்' எடுத்தவர் வேறு ஆளாகத் தெரிகிறார்.

பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்டும் ஆரம்பகாலப் படங்களுக்கு ஒரு டிவிடி தொகுப்பு போட்டது. வாள்வீச்சுப் படங்களைச் சேர்த்து 2014இல் ப்ளூரேயில் 'சாமுராய் கலெக்‌ஷன்' வந்தது. 'செவன் சாமுராய்', 'த்ரோன் ஆஃப் ப்ளட்', 'த ஹிடன் ஃபோர்ட்ரஸ்', 'யோஜிம்போ', 'சன்ஜூரோ' ஐந்தும் ஒன்றாக வேண்டும் என்றால் அது வசதி.

டிவிடி, ப்ளூரே, 4கே: எதை வாங்குவது?

பெரிய படங்களை ப்ளூரேயிலோ 4கேயிலோ வாங்குங்கள். 'ரான்' 2021இல் 4கே டிஸ்க்காக வந்தது, 'செவன் சாமுராய்' 2024இல், 'யோஜிம்போ'வும் 'சன்ஜூரோ'வும் 2025இல். 'ரான்' படத்தின் மஞ்சள், சிவப்பு, நீலக் கொடிகளுக்காகவாவது 4கே பார்க்க வேண்டும். மூன்று மகன்களின் படைகளை நாம் அடையாளம் காண்பதே அந்த நிறங்களை வைத்துத்தான்.

ஆரம்பகாலப் படங்களுக்கு டிவிடியே போதும். அவற்றின் மூலப்பிரதிகளே தேய்ந்தவை. அதனால் டிவிடியா ப்ளூரேயா என்று பார்த்துக் காத்திருந்து அவற்றைத் தவறவிட வேண்டாம்.

ரீஜன் கோட் பிரச்சினை எப்படி?

ஒரு பகுதியில் விற்கும் டிஸ்க் வேறு பகுதியின் பிளேயரில் ஓடாதபடி பூட்டுவதற்காக, ப்ளூரேயில் உலகத்தை மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். அமெரிக்கா, கனடா, ஜப்பான், சிங்கப்பூர், மலேசியா எல்லாம் ஏ. ஐரோப்பா, ஆஸ்திரேலியா, மத்தியக் கிழக்கு பி. இந்தியா, இலங்கை சி. கிரைட்டீரியனின் அமெரிக்க ப்ளூரேக்கள் பெரும்பாலும் ஏ பூட்டோடும், பிரிட்டிஷ் டிஸ்க்குகள் பி பூட்டோடும் வருகின்றன. உங்கள் பிளேயர் எது என்று பார்க்காமல் வாங்காதீர்கள். டிவிடிக்குத் தனி எண்கள். பல பிளேயர்களில் டிவிடி பூட்டை ரிமோட்டிலேயே எடுத்துவிடலாம், ப்ளூரே பூட்டு அவ்வளவு சுலபமாக விடாது. 4கே டிஸ்க்குக்கு ரீஜன் பூட்டே இல்லை. ஆனால் அதே பெட்டிக்குள் கூடவே வரும் ப்ளூரேக்குப் பூட்டு இருக்கலாம், கூடுதல் அம்சங்கள் பெரும்பாலும் அதில்தான் இருக்கும். இதையும் கவனியுங்கள்.

ஒரே படத்துக்கு வேறு வேறு ஓட்டநேரம் போட்டிருக்கிறதே. வெட்டிவிட்டார்களா?

சில சமயம் வெட்டு, சில சமயம் வெறும் வேக வித்தியாசம்.

வேக வித்தியாசத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். படம் வினாடிக்கு 24 ஃபிரேம் ஓடுவது. 'பால்' (PAL) என்ற ஐரோப்பிய டிவி முறையில் வரும் டிவிடி 25 ஃபிரேமாக ஓட்டும். அதனால் படம் சுமார் 4 சதவீதம் சீக்கிரம் முடிந்துவிடும். 180 நிமிடப் படம் 173 நிமிடமாகக் காட்டும், ஒரு காட்சிகூடக் குறையாது. ப்ளூரேயில் இந்தச் சிக்கல் இல்லை.

வெட்டு என்றால் 'ககெமுஷா' (1980). ஜப்பானில் 180 நிமிடம், வெளிநாடுகளுக்கு 162 நிமிடம். டிஸ்க்கின் பின்னட்டையில் 180 இருக்கிறதா என்று பாருங்கள். 'செவன் சாமுராய்' முழு நீளம் 207 நிமிடம், நடுவில் இடைவேளை அட்டையும் வரும்.

'த இடியட்' (1951) கதை வருத்தமானது. குரோசாவா அதை 265 நிமிடத்துக்கு, இரண்டு பாகமாக எடுத்தார். ஸ்டூடியோ அதை 166 நிமிடமாக வெட்டியது. வெட்டித்தான் ஆகவேண்டும் என்றால் ஃபிலிமை நீளவாக்கில் வெட்டுங்கள் என்று அவர் கொதித்துப் போய்ச் சொன்னதாகச் சொல்வார்கள். எந்த செட் வாங்கினாலும் கிடைப்பது அந்த 166 நிமிடம்தான். படத்தின் தொடக்கத்தில் கதையை எழுத்துகளில் சொல்லிக்கொண்டு போவதைப் பார்ப்பீர்கள். வெட்டிய பள்ளத்தை நிரப்பிய மண் அது.

முதல் படமான 'சன்ஷிரோ சுகாடா' (1943) படத்திலும் இப்படி ஒரு காயம் இருக்கிறது. டிஸ்க்கைப் போட்டதும் முதலில் ஓர் அறிவிப்பு வரும். போர்க்கால அரசின் கொள்கைக்கு ஏற்ப 1944இல் 1,845 அடி ஃபிலிம் வெட்டப்பட்டது, இயக்குநரையோ படக்குழுவையோ கேட்கவில்லை என்று அது சொல்கிறது. 1952இல் மறுபடி திரையிட்டபோது சேர்த்த அறிவிப்பு. வெட்டியதில் ஒரு பகுதி பிற்காலத்தில் ரஷ்ய ஆவணக்காப்பகத்தில் கிடைத்து, டோஹோவின் ஜப்பானிய டிவிடியில் சேர்ந்தது. மேலே சொன்ன எக்லிப்ஸ் பெட்டியில் இருப்பது 79 நிமிடப் பிரதி. ஆகவே அந்தப் படத்தில் கதை ஓரிடத்தில் தாவினால் உங்கள் டிஸ்க்கில் கோளாறு இல்லை.

புது ரெஸ்டோரேஷன் என்றார்கள், இன்னும் புள்ளி புள்ளியாக இருக்கிறதே?

அந்தப் புள்ளிகள் ஃபிலிமின் மணிகள், ஆங்கிலத்தில் 'கிரெயின்'. படமே அவற்றால் ஆனதுதான். மணியைத் தேய்த்து வழவழப்பாக்கிய டிஸ்க்குகளில் நடிகர் டகாஷி ஷிமுராவின் முகம் மெழுகு பொம்மை மாதிரி ஆகிவிடும். 'இகிரு'வில் அந்த முகத்துச் சுருக்கங்களைப் பார்க்கத்தான் உட்கார்ந்திருக்கிறோம். மணி தெரிவது நல்ல அறிகுறி.

கீறல், கோடு, ஒளி துடிப்பது வேறு. அதெல்லாம் கிடைத்த பிரதியைப் பொறுத்தது. 'ரஷோமோன்' படத்தை 2008இல் அமெரிக்க ஆஸ்கர் அகாதமியின் ஆவணக்காப்பகமும் டோக்கியோ தேசியத் திரைப்பட மையமும் கடோகாவாவும் சேர்ந்து மீட்டெடுத்தார்கள். வேலைக்குக் கிடைத்தது மூல நெகட்டிவிலிருந்து 1962இல் போட்ட ஒரு பிரிண்ட். அதை வைத்துக்கொண்டு ஃபிரேம் ஃபிரேமாகச் சுத்தம் செய்தார்கள். இதற்கு முன் வந்த டிவிடியையும் பின்னால் வந்த ப்ளூரேயையும் அடுத்தடுத்துப் போட்டு அந்தக் காட்டுக் காட்சியைப் பாருங்கள். விறகுவெட்டி நடக்கும்போது இலைகளின் ஊடாக வெயில் கோடாரியில் பட்டு மின்னுகிறது. பழையதில் அது வெறும் வெள்ளைத் திட்டு.

பின்னட்டையில் "டிஜிட்டல் முறையில் புதுப்பிக்கப்பட்டது" என்று மட்டும் இருந்தால் அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. எந்தப் பிரதியிலிருந்து, எந்த வருடம், யார் செய்தார்கள் என்று புக்லெட்டில் எழுதியிருக்கிறதா பாருங்கள். ஒழுங்காக வேலை செய்தவர்கள் அதை எழுதாமல் விடமாட்டார்கள்.

திரையின் ஓரத்தில் கறுப்புப் பட்டை வருகிறது. டிவியில் அகலமாக்கிக்கொள்ளலாமா?

வேண்டாம். 1957 வரை அவர் எடுத்ததெல்லாம் சதுரத்துக்குக் கொஞ்சம் அகலமான பழைய சட்டகம், இரண்டு பக்கமும் பட்டை வரத்தான் வரும். 1958இல் 'த ஹிடன் ஃபோர்ட்ரஸ்' தொடங்கி 1965 'ரெட் பியர்ட்' வரை அகலத்திரை, மேலும் கீழும் பட்டை. 1970 'டோடெஸ்காடென்' முதல் வண்ணப்படம், அதில் பழைய சட்டகத்துக்கே திரும்பிவிட்டார். டிவியில் 'ஸ்ட்ரெச்', 'ஜூம்' இரண்டையும் அணைத்து வையுங்கள். அசைவை வழவழப்பாக்கும் வசதி இருந்தால் அதையும்தான்.

இங்கே ஒரு சின்னக் குறிப்பு. 'ஹை அண்ட் லோ' (1963) கறுப்பு வெள்ளைப் படம். ஓரிடத்தில் மட்டும் ஒரு புகைபோக்கியிலிருந்து இளஞ்சிவப்புப் புகை எழும். டிவியின் வண்ணத்தை முழுக்கக் குறைத்து வைத்துப் பார்த்துவிடாதீர்கள். கதையே அந்தப் புகையில் திரும்புகிறது.

தமிழ் சப்டைட்டில் உண்டா? ஆங்கிலம் எந்த அளவுக்கு நம்பலாம்?

இந்தத் தொகுப்புகளில் தமிழ் கிடையாது. அமெரிக்க, பிரிட்டிஷ் வெளியீடுகளில் ஆங்கிலம்தான்.

நம்பலாமா என்ற கேள்விக்கு 'த்ரோன் ஆஃப் ப்ளட்' டிஸ்க் நல்ல பதில். 2003இல் கிரைட்டீரியன் அதில் இரண்டு ஆங்கில மொழிபெயர்ப்புகளைச் சேர்த்தே கொடுத்தது. ஒன்று லிண்டா ஹோக்லண்ட் செய்தது, மற்றது டொனால்ட் ரிச்சி செய்தது. தாங்கள் ஏன் அப்படி மொழிபெயர்த்தோம் என்று இருவரும் புக்லெட்டில் எழுதியும் இருந்தார்கள். ஒரே காட்சியை இரண்டிலும் பார்த்தால், நாம் படித்துக்கொண்டிருப்பது ஒருவருடைய வாசிப்பு என்பது புரியும். பழைய டிவிடிக்கும் புது ப்ளூரேக்கும் நடுவே வரிகள் மாறியிருந்தால் குழம்ப வேண்டாம். பெரும்பாலும் புதிதாக மொழிபெயர்த்திருப்பார்கள்.

கமெண்டரி எல்லாம் கேட்க வேண்டுமா?

முதல் தடவை வேண்டாம். இரண்டாம் தடவைக்கு ஸ்டீபன் பிரின்ஸ் பேசியவற்றைத் தேடிப் பிடியுங்கள். 'இகிரு', 'யோஜிம்போ', 'ரெட் பியர்ட்', 'ககெமுஷா' என்று பல டிஸ்க்குகளில் இருக்கிறார். கேமரா எங்கே நிற்கிறது, ஏன் அங்கே நிற்கிறது என்று சொல்லிக்கொடுக்கும் வாத்தியார். 'ரஷோமோன்' டிஸ்க்கில் டொனால்ட் ரிச்சி. 'செவன் சாமுராய்' மூன்று டிஸ்க் பதிப்பில் ஒன்றுக்கு இரண்டு கமெண்டரிகள் உண்டு.

கமெண்டரி பிடிக்காதவர்கள் டோஹோ தயாரித்த 'இட் இஸ் ஒண்டர்ஃபுல் டு கிரியேட்' தொடரையாவது பாருங்கள். ஒரு பகுதிக்கு ஒரு படம். கூட வேலை பார்த்தவர்கள், உதவியாளர்கள், நடிகர்கள் உட்கார்ந்து பேசுகிறார்கள். குரோசாவா எவ்வளவு கடிந்துகொள்வார் என்பதையும் அவர்கள் பிரியத்தோடுதான் சொல்கிறார்கள்.

பழைய செட் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

எண்ணிப் பாருங்கள். டிஸ்க்குகளின் எண்ணிக்கை, புக்லெட், வெளி உறை. அப்புறம் ஒவ்வொரு டிஸ்க்கையும் விளக்கடியில் சாய்த்துப் பாருங்கள். மையத்திலிருந்து வெளியே போகும் மெல்லிய கீறல் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது, வட்டத்தைச் சுற்றி ஓடும் கீறல்தான் ஆபத்து. நடுத்துளையைச் சுற்றி விரிசல் இருந்தால் விட்டுவிடுங்கள். டிவிடியின் அடிப்பக்கம் ஊதா நிறமாக இருந்தால் அது வீட்டில் எரித்த பிரதி.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். முகம் தெரியாத ஒருவரிடம் ஒரு செட் வாங்கினேன். வந்த அன்றைக்கு முதல் இரண்டு டிஸ்க்கைப் போட்டுப் பார்த்துத் திருப்தியாக அலமாரியில் வைத்துவிட்டேன். நான்கு மாதம் கழித்து 'ஸ்ட்ரே டாக்' போட்டால், நடிகர் மிஃபூனே வியர்வையோடு கள்ளச்சந்தைத் தெருக்களில் அலையும் நீண்ட காட்சியில் படம் உறைந்து நின்றது. துடைத்தேன், வேறு பிளேயரில் போட்டேன், அதே இடம். விற்றவரிடமிருந்து பதிலே இல்லை. அன்றிலிருந்து பெட்டி வந்த வாரத்திலேயே எல்லா டிஸ்க்கையும், ஒவ்வொன்றிலும் ஆரம்பம், நடு, கடைசி என்று மூன்று இடம் போட்டுப் பார்த்துவிடுகிறேன். நடுவையும் கடைசியையும் விடாதீர்கள். டிஸ்க்கின் வெளி ஓரத்தில் கைபட்டு ஏற்படும் சேதம் ஒற்றை அடுக்கு டிஸ்க்கில் கடைசியிலும், இரட்டை அடுக்கு டிஸ்க்கில் பெரும்பாலும் நடுவிலும் தெரியும்.

செட் வந்துவிட்டது. எந்த வரிசையில் பார்ப்பது?

வெளிவந்த வரிசையில். தெரிந்த பெரிய படத்தை முதலில் எடுக்கக் கை பரபரக்கும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

'சன்ஷிரோ சுகாடா'வில், புது குருவைக் கண்ட சன்ஷிரோ அவருடைய ரிக்‌ஷாவை இழுப்பதற்காகத் தன் மரச்செருப்பைத் தெருவில் கழற்றிப் போட்டுவிட்டு ஓடுகிறான். கேமரா அவனோடு போகாமல் செருப்போடு நின்றுவிடுகிறது. செருப்பின் மேல் மழை பெய்கிறது. ஒரு நாய்க்குட்டி அதைக் கவ்வி விளையாடுகிறது. பனி விழுகிறது. பிறகு அது தண்ணீரில் மிதந்து போகிறது. மாதங்கள் கடந்துவிட்டன என்று ஒரு சொல் இல்லாமல் சொல்லிவிட்டார், 33 வயதில், முதல் படத்தில். இதைப் பார்த்துவிட்டு 'செவன் சாமுராய்'க்கு வந்தால் மழையும் சேறும் எங்கிருந்து வந்தன என்று தெரியும்.

இரண்டாவது படம் 'த மோஸ்ட் பியூட்டிஃபுல்' போர்ப் பிரச்சாரம். பொறுமை வேண்டும், பார்க்கத்தான் வேண்டும். நான்காவது, 'த மென் ஹூ ட்ரெட் ஆன் த டைகர்ஸ் டெய்ல்', 59 நிமிடம்தான். 1945இல் எடுத்து 1952இல்தான் வெளிவந்தது.

அப்புறம் 'ஒன் ஒண்டர்ஃபுல் சண்டே' (1947). போருக்குப் பிந்தைய டோக்கியோ, ஒரு காதல் ஜோடி, கையில் 35 யென், ஒரு ஞாயிற்றுக்கிழமை. கச்சேரிக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. ஆளில்லாத திறந்தவெளி அரங்கில் அவன் இல்லாத இசைக்குழுவை நடத்தக் கையைத் தூக்குகிறான். காற்றுச் சத்தம் மட்டும் கேட்கிறது. கை தளர்ந்து இறங்குகிறது. அப்போது அந்தப் பெண் நம்மைப் பார்த்துத் திரும்பி, கண்ணீரோடு, எங்களைப் போன்ற ஏழைக் காதலர்களுக்காகக் கை தட்டுங்கள் என்று கேட்கிறாள். தியேட்டரில் இருப்பவர்கள் தட்ட வேண்டும் என்று நினைத்துத்தான் குரோசாவா அதை எடுத்தார். நான் பார்த்தது இரவு பதினொரு மணிக்கு, வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். மெதுவாகத் தட்டினேன். அதன் பிறகு ஷூபர்ட்டின் முடிவுறாத சிம்ஃபொனி தொடங்கியது.

அந்தப் படம் 'போஸ்ட்வார் குரோசாவா' பெட்டியில் இரண்டாவது டிஸ்க்.